கம்பைலர் இல்லை, லைப்ரரி இல்லை: லினக்ஸில் மூலநிரலை பில்ட் செய்யும்போது வரும் பிழைகளைத் தீர்ப்பது எப்படி

உபுண்டு 24.04 பைதான் 3.12-உடன் வருகிறது. உங்கள் வேலைக்கு 3.13 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பைதான் தளத்திலிருந்து மூலநிரலை இறக்கி, டார் கோப்பை விரித்து, அந்தக் கோப்புறைக்குள் போய் ./கான்ஃபிகர் என்று தட்டுகிறீர்கள். சில வரிகள் ஓடி, "நோ அக்செப்டபிள் சி கம்பைலர் ஃபவுண்ட்" என்று நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்தால் வேறொரு பிழை வருகிறது. அதையும் தாண்டி பில்ட் முடிந்தால், பைதான் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பிப் வேலை செய்ய மறுக்கிறது. லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்துபோகிறார்கள்.

தளரத் தேவையில்லை. இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கோப்பு கிடைக்கவில்லை என்றுதான் சொல்கின்றன. எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பைத் தேடினார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால், அதைக் கொண்டுவரும் பேக்கேஜை நிறுவுவது ஒரு வரி வேலை. இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பதைவிட இது வேகமானது. அடுத்த முறை வேறொரு மென்பொருளுக்கும் கைகொடுக்கும். பைதான் 3.13-ஐ உபுண்டுவில் பில்ட் செய்வதையே உதாரணமாக வைத்துப் போவோம். கிட்டத்தட்ட எல்லா வகைப் பிழையும் அதில் வந்துவிடும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். புள்ளி, கோடு, எண் எல்லாம் அப்படியே. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜ் பெயரில் சந்தேகம் வந்தால், பாதி தட்டிவிட்டு டேப் விசையை இரண்டு முறை அழுத்துங்கள், பொருந்தும் பெயர்கள் வரிசையாக வரும்.

நான்கு கட்டங்கள்

மூலநிரல் ஓடும் நிரலாக மாறும் வழியில் நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் கான்ஃபிகர் உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கிறது. அடுத்து கம்பைலர் ஒவ்வொரு சி கோப்பையும் படித்து மொழிமாற்றுகிறது, அதற்கு .எச் என்று முடியும் ஹெடர் கோப்புகள் தேவை. மூன்றாவதாக லிங்கர் எல்லாத் துண்டுகளையும் லைப்ரரிகளோடு இணைக்கிறது, அதற்கு .எஸ்ஓ என்று முடியும் கோப்புகள் தேவை. கடைசியாக, நிரலை ஓட்டும்போது லோடர் அதே லைப்ரரிகளை மறுபடி தேடுகிறது. இந்த முறை பெயரின் முடிவில் பதிப்பு எண்ணும் சேர்ந்திருக்கும்.

ஒரே லைப்ரரி இந்த நான்கு இடங்களில் எங்கு வேண்டுமானாலும் காணாமல் போகலாம். செய்தியும் தீர்வும் கட்டத்துக்குக் கட்டம் மாறும்.

எந்த வரியைப் படிக்க வேண்டும்

திரையில் கடைசியாகத் தெரியும் வரியைத்தான் எல்லாரும் தேடுபொறியில் போடுகிறார்கள். "மேக்: * எர்ரர் 1" என்ற மாதிரி இருக்கும். அதிலிருந்து எதுவும் தெரியாது. கம்பைல், லிங்க் வேலைகளை வரிசையாக நடத்தும் கருவியான மேக், ஏதோ ஒரு படி தோற்றது என்று தெரிவிக்கிறது, அவ்வளவுதான். காரணம் அதற்கு மேலே, சில சமயம் நூறு வரிக்கு மேலே இருக்கும். நமக்கு வேண்டியது முதல் பிழை. அதற்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

அதனால் வெளியீட்டைக் கோப்பில் பிடித்துவைப்பது நல்ல பழக்கம்:

மேக் 2>&1 | டீ பில்ட்.லாக்

பிறகு அந்த பில்ட்.லாக் கோப்பைத் திறந்து, "எர்ரர்" என்ற சொல்லுக்குப் பின் முக்காற்புள்ளி வரும் முதல் இடத்தைத் தேடுங்கள். "வார்னிங்" என்று வருபவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். மேக்-ஐ -ஜே8 போன்ற எண்ணோடு ஓட்டியிருந்தால் பல வேலைகளின் வெளியீடு கலந்துகிடக்கும். அப்போது -ஜே1 போட்டு மறுபடி ஓட்டினால் பிழை வரும் இடம் தெளிவாகத் தெரியும். ஏற்கனவே முடிந்த கோப்புகளை மேக் திரும்பத் தொடாது என்பதால் நேரம் வீணாகாது.

கம்பைலரே இல்லாதபோது

இதுதான் எளிதான கட்டம். டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாவற்றுக்கும்:

சுடோ ஆப்ட் அப்டேட்
சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்

பில்ட்-எசென்ஷியல் என்பது ஒரு தொகுப்புப் பேக்கேஜ். ஜிசிசி, ஜி++, மேக், சி மொழியின் அடிப்படை ஹெடர்கள் எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். ஃபெடோராவில் டிஎன்எஃப் மூலம் ஜிசிசி, ஜிசிசி-சி++, மேக் மூன்றையும் நிறுவலாம். ஆர்ச்சில் பேஸ்-டெவல், ஆல்பைனில் பில்ட்-பேஸ். ஜிசிசி --வெர்ஷன் என்று தட்டி, பதிப்பு எண் வந்தால் சரி.

ஜிசிசி-யை மட்டும் தனியாக நிறுவியவர்களுக்கு இரண்டு சங்கடங்கள் வரும். ஒன்று, "சிசி1பிளஸ்-ஐ எக்ஸிக்யூட் செய்ய முடியவில்லை" என்ற செய்தி. சி++ கோப்பை மொழிமாற்றும் பகுதி இல்லை, அதாவது ஜி++ நிறுவப்படவில்லை என்று அர்த்தம். இன்னொன்று சற்றுக் குழப்பும்: "சி கம்பைலர் கெனாட் கிரியேட் எக்ஸிக்யூடபிள்ஸ்". கம்பைலர் இருக்கிறது, ஆனால் அதனால் ஒரு நிரலை முழுமையாக உருவாக்க முடியவில்லை. டாக்கர் கண்டெய்னரில் --நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ் போட்டு ஜிசிசி நிறுவினால் இது நடக்கும். டெபியனில் லிப்சி6-டெவ் பேக்கேஜ் ஜிசிசி-க்குப் பரிந்துரை மட்டுமே, கட்டாயம் இல்லை. பரிந்துரைகளை வேண்டாம் என்று சொன்னதும் அது விடுபட்டுவிடுகிறது. லிப்சி6-டெவ்-ஐ நிறுவுங்கள், தீர்ந்துவிடும்.

கான்ஃபிக்.லாக் என்ற கோப்பு

கான்ஃபிகர் தோற்றால், "சீ கான்ஃபிக்.லாக் ஃபார் மோர் டீடெய்ல்ஸ்" என்று சொல்லும். இதைப் பெரும்பாலோர் திறப்பதே இல்லை. நான் யாருக்காவது உதவும்போது முதலில் கேட்பது இந்தக் கோப்பைத்தான், ஏனென்றால் பதில் அநேகமாக இதற்குள்ளேயே இருக்கும்.

கான்ஃபிகர் யூகிப்பதில்லை. ஒரு லைப்ரரி இருக்கிறதா என்று அறிய, கான்ஃப்டெஸ்ட்.சி என்று ஒரு குட்டி சி நிரலை எழுதி, அதை நிஜமாகவே கம்பைல் செய்து பார்க்கிறது. வெற்றியா தோல்வியா என்பது மட்டும் திரையில் "யெஸ்", "நோ" என்று வரும். கம்பைலர் உண்மையில் என்ன சொன்னது என்பது கான்ஃபிக்.லாக்-இல் பதிவாகும்.

கோப்பைத் திறந்து நேராகக் கடைசிக்குப் போகாதீர்கள். கடைசிப் பகுதி முழுக்க மாறிகளின் பட்டியல், "கேஷ் வேரியபிள்ஸ்" என்ற தலைப்பிலிருந்து தொடங்கும். அந்தத் தலைப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். "ஃபெயில்டு ப்ரோக்ராம் வாஸ்" என்ற வரி வரும். அதன் கீழே கான்ஃபிகர் எழுதிய குட்டி நிரல் இருக்கும், அதற்குச் சற்று மேலே கம்பைலரின் சொந்த வார்த்தைகள் இருக்கும். "ஃபேட்டல் எர்ரர்: இசட்லிப்.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று இருந்தால் ஹெடர் இல்லை. "எல்டி: கெனாட் ஃபைண்ட் எஸ்சிஆர்டி1.ஓ" என்று இருந்தால், சற்றுமுன் சொன்ன லிப்சி6-டெவ் இல்லை. தோற்ற சோதனைகள் எல்லாமே பிரச்சினை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். விண்டோஸுக்கு மட்டும் உரிய ஹெடர் இருக்கிறதா என்றுகூடக் கான்ஃபிகர் கேட்கும், அது லினக்ஸில் தோற்கத்தான் செய்யும். கான்ஃபிகர் நின்ற இடத்தை ஒட்டிய கடைசித் தோல்விதான் நமக்கு முக்கியம்.

ஹெடர் கிடைக்காதபோது

புதியவர்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இது. "லைப்ரரியை நிறுவிவிட்டேனே, பிறகும் இல்லை என்கிறதே" என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

இசட்லிப் என்ற சுருக்க லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். உபுண்டு 24.04-இல் அது இரண்டு பேக்கேஜ்களாகப் பிரிந்திருக்கிறது. இசட்லிப்1ஜி என்ற பேக்கேஜில் லிப்இசட்.எஸ்ஓ.1 என்ற கோப்பு இருக்கும். ஏற்கனவே பில்ட் ஆன நிரல்கள் ஓடுவதற்கு இது போதும், எல்லாக் கணினியிலும் இருக்கும். இசட்லிப்1ஜி-டெவ் என்பது இன்னொரு பேக்கேஜ். இசட்லிப்.எச் என்ற ஹெடர், எண் இல்லாத லிப்இசட்.எஸ்ஓ என்ற இணைப்பு, இசட்லிப்.பிசி என்ற தகவல் கோப்பு மூன்றும் இதில்தான் இருக்கின்றன. புதிதாக ஒரு நிரலை பில்ட் செய்ய வேண்டும் என்றால் இந்த மூன்றும் வேண்டும். மென்பொருளை ஓட்ட மட்டும் செய்கிறவர்களின் கணினியில் ஹெடர்கள் இடத்தை அடைக்க வேண்டாம் என்பதற்காக டெபியன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது.

ஆகவே, பில்ட் செய்யும்போது உங்களுக்கு வேண்டியது டெவ் என்று முடியும் பேக்கேஜ். ஃபெடோரா, ரெட் ஹேட், ஓப்பன்சூஸே குடும்பங்களில் அது டெவல் என்று முடியும். ஆர்ச்சில் இந்தப் பிரிவினையே இல்லை, லைப்ரரியை நிறுவினால் ஹெடரும் கூடவே வரும்.

டெவ் பேக்கேஜின் பெயரைப் பிடித்துக்கொள்வதில் இன்னொரு வசதி உண்டு. உபுண்டு 24.04-இல் லிப்எஸ்எஸ்எல்3 என்ற பேக்கேஜ் லிப்எஸ்எஸ்எல்3டி64 என்று பெயர் மாறியது. பழைய பெயரை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் தேடி அலைந்தார்கள். லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்ற பெயர் மாறவே இல்லை. அதை நிறுவினால் தனக்கு வேண்டிய லைப்ரரியை அதுவே இழுத்துக்கொண்டு வரும்.

எந்த ஹெடர் எந்தப் பேக்கேஜில்?

ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர் லிப்எஸ்எஸ்எல்-டெவ்-இல் இருக்கும் என்று யூகிக்கலாம். ஆனால் எஃப்எஃப்ஐ.எச் எங்கே இருக்கும், கர்ஸஸ்.எச் எங்கே இருக்கும் என்பதை எல்லாருமா மனதில் வைத்திருப்பார்கள்? அதற்குத்தான் ஆப்ட்-ஃபைல் என்ற கருவி. நிறுவாத பேக்கேஜ்களுக்குள்ளும் கோப்புப் பெயரை வைத்துத் தேடும்.

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆப்ட்-ஃபைல்
சுடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட்
ஆப்ட்-ஃபைல் சர்ச் இன்க்ளூட்/இசட்லிப்.எச்

வெறும் இசட்லிப்.எச் என்று தேடினால் சம்பந்தமில்லாத பத்துப் பேக்கேஜ்கள் வந்து நிற்கும். பலர் தங்கள் மென்பொருளுக்குள்ளேயே அந்த ஹெடரின் நகலை வைத்திருப்பார்கள். முன்னால் இன்க்ளூட் என்று சாய்கோட்டோடு சேர்த்துக்கொண்டால் பட்டியல் சுருங்கும். விடை இசட்லிப்1ஜி-டெவ் என்று வரும்.

ஃபெடோராவில் இதே வேலையை டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் செய்யும். கோப்புப் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் சாய்கோடும் போட்டு, முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். ஆர்ச்சில் முதலில் பேக்மேன் -எஃப்ஒய், பிறகு பேக்மேன் -எஃப் என்று போட்டுக் கோப்புப் பெயர். இங்கே எஃப் பெரிய எழுத்து. டெபியன், உபுண்டு இரண்டின் பேக்கேஜ் தளங்களிலும் கோப்புப் பெயரை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது, நிர்வாகி அனுமதி இல்லாத கணினியில் வேலை செய்பவர்களுக்கு அது உதவும்.

பைதானுக்கு வருவோம்

பில்ட்-எசென்ஷியல் மட்டும் வைத்துக்கொண்டு பைதானை பில்ட் செய்தால் ஆச்சரியமாக அது முடிந்துவிடும். பிழை இல்லாமல் முடிந்ததே என்று மகிழ்ந்து பலர் அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் முடிவுக்குச் சற்று மேலே ஒரு செய்தி இருக்கிறது: "தி நெசசரி பிட்ஸ் டு பில்ட் தீஸ் ஆப்ஷனல் மாட்யூல்ஸ் வேர் நாட் ஃபவுண்ட்". அதன் கீழே பெயர்கள் வரிசையாக இருக்கும்: பிஇசட்2, சிடைப்ஸ், கர்ஸஸ், எல்இசட்எம்ஏ, எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3, டிகேஇன்டர், ரீட்லைன், இசட்லிப். ஆப்ஷனல் என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எஸ்எஸ்எல் இல்லாமல் பிப் எதையும் இறக்காது. சிடைப்ஸ் இல்லாமல் எத்தனையோ பேக்கேஜ்கள் இம்போர்ட் ஆகாது. இசட்லிப் இல்லாவிட்டால் இன்ஸ்டால் கட்டத்திலேயே பிப்பை நிறுவ முடியாமல் "கான்ட் டிகம்ப்ரஸ் டேட்டா, இசட்லிப் நாட் அவெய்லபிள்" என்று விழும்.

ஒவ்வொரு பெயருக்கும் உபுண்டுவில் வேண்டிய பேக்கேஜ்:

எஸ்எஸ்எல் – லிப்எஸ்எஸ்எல்-டெவ்
இசட்லிப் – இசட்லிப்1ஜி-டெவ்
சிடைப்ஸ் – லிப்எஃப்எஃப்ஐ-டெவ்
எஸ்க்யூலைட்3 – லிப்எஸ்க்யூலைட்3-டெவ்
பிஇசட்2 – லிப்பிஇசட்2-டெவ்
எல்இசட்எம்ஏ – லிப்எல்இசட்எம்ஏ-டெவ்
ரீட்லைன் – லிப்ரீட்லைன்-டெவ்
கர்ஸஸ் – லிப்என்கர்ஸஸ்-டெவ்
டிகேஇன்டர் – டிகே-டெவ்

இவற்றோடு, .பிசி கோப்புகளைப் படித்து லைப்ரரி எங்கே என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக்-ஐயும் சேர்த்து ஒரே ஆப்ட் இன்ஸ்டால் வரியில் போட்டுவிடலாம். சர்வரில் ஓட்டப் போகிறீர்கள், ஜன்னல் நிரல் எதுவும் எழுதப் போவதில்லை என்றால் டிகே-டெவ் வேண்டாம். மற்றவற்றை விடாதீர்கள். பைதான் 3.10 முதல் எஸ்எஸ்எல் மாட்யூலுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்கு மேற்பட்டது கட்டாயம். மிகப் பழைய லினக்ஸில் டெவ் பேக்கேஜ் இருந்தும் எஸ்எஸ்எல் பில்ட் ஆகவில்லை என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

பேக்கேஜ்களை நிறுவியபின் வெறுமனே மேக் தட்டினால் போதாது. எது இருக்கிறது, எது இல்லை என்ற முடிவு முதலில் கான்ஃபிகர் ஓடியபோதே எழுதிவைக்கப்பட்டுவிட்டது. மேக் அந்தப் பழைய முடிவையே பின்பற்றும். "எல்லாம் நிறுவியும் மாறவில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. சுத்தமாகத் தொடங்குங்கள்:

மேக் டிஸ்ட்க்ளீன்
./கான்ஃபிகர்
மேக் -ஜே4

ஒவ்வொரு லைப்ரரியாகத் தேட வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. உபுண்டு தானே பைதானை பில்ட் செய்து வெளியிடுகிறது, அதற்குத் தேவையான பட்டியல் அவர்களிடம் உண்டு. சுடோ ஆப்ட் பில்ட்-டெப் பைதான்3.12 என்றால் அந்தப் பட்டியல் முழுதும் நிறுவப்படும். இது வேலை செய்ய மூலநிரல் களஞ்சியம் இயக்கத்தில் இருக்க வேண்டும். 24.04-இல் /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி கோப்புறையில் உபுண்டு.சோர்சஸ் என்ற கோப்பைத் திறந்து, டைப்ஸ் வரியில் டெப் என்பதற்குப் பக்கத்தில் டெப்-எஸ்ஆர்சி என்று சேர்த்து, ஆப்ட் அப்டேட் செய்தால் போதும். தேவைக்கு அதிகமாகவே பேக்கேஜ்கள் வந்து இறங்கும். வட்டில் இடம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். உபுண்டு களஞ்சியத்தில் ஏற்கனவே பழைய பதிப்பு இருக்கும் எந்த மென்பொருளுக்கும் இந்த வழி பொருந்தும்.

லிங்கர் கேட்கும்போது

"எல்டி: கெனாட் ஃபைண்ட் -எல்எஸ்எஸ்எல்" என்று வந்தால் கம்பைல் முடிந்து இணைக்கும் கட்டத்தில் நிற்கிறீர்கள். -எல் என்பது லைப்ரரியைக் குறிக்கும் குறி, அதன் பின் ஒட்டியிருப்பது லைப்ரரியின் பெயர். முன்னால் லிப், பின்னால் .எஸ்ஓ சேர்த்தால் தேடப்படும் கோப்பு கிடைத்துவிடும்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ. அந்தப் பெயரை ஆப்ட்-ஃபைலிடம் கொடுங்கள், டெவ் பேக்கேஜ் தெரிந்துவிடும்.

லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 கணினியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு எல்என் -எஸ் கட்டளையால் கையாலேயே ஒரு இணைப்புப் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். ஹெடர் ஒரு பதிப்பு, லைப்ரரி இன்னொரு பதிப்பு என்று ஆகிவிட்டால் பில்ட் முடிந்தபின் ஓடும்போது விழும். அதைக் கண்டுபிடிப்பது இதைவிடப் பல மடங்கு கஷ்டம். டெவ் பேக்கேஜ் அந்த இணைப்பைச் சரியான பதிப்புக்கே போட்டுத் தரும்.

"அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்" என்பது வேறு வகை. லைப்ரரியைக் கட்டளையில் சொல்ல மறந்துவிட்டீர்கள், அல்லது வரிசை தவறிவிட்டது. பவ், ஸ்க்வேர்ரூட் போன்ற கணிதச் செயல்பாடுகளுக்கு -எல்எம் வேண்டும். அதுவும் உங்கள் சி கோப்பின் பெயருக்குப் பின்னால் வர வேண்டும். எஸ்டிடி என்று தொடங்கும் பெயர்கள் கிடைக்கவில்லை என்று பக்கம் பக்கமாக வந்தால், சி++ நிரலை ஜிசிசி கொண்டு இணைத்திருக்கிறீர்கள், ஜி++ என்று மாற்றுங்கள்.

பில்ட் முடிந்தது, ஓட மாட்டேன் என்கிறது

பைதானை --எனேபிள்-ஷேர்டு என்ற தெரிவோடு பில்ட் செய்து நிறுவியவர்கள் இதைக் கட்டாயம் சந்திப்பார்கள்: "எர்ரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரிஸ்: லிப்பைதான்3.13.எஸ்ஓ.1.0: கெனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்". கோப்பு /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல்தான் இருக்கிறது, ஆனால் லோடருக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதும் தேடாமல் இருக்க லோடர் ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. அதைப் புதுப்பிப்பது சுடோ எல்டிகான்ஃபிக். உபுண்டுவில் இந்த ஒரு கட்டளையோடு பிரச்சினை தீரும். ரெட் ஹேட் குடும்பத்தில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் பொதுவாகப் பட்டியலில் இருக்காது. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி கோப்புறையில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, அந்தப் பாதையை ஒரு வரியாக எழுதி, அப்புறம் எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள்.

எந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று பார்க்க எல்டிடி என்று தட்டி நிரலின் பாதையைக் கொடுங்கள். "நாட் ஃபவுண்ட்" என்று எந்த வரியில் வருகிறதோ அதுதான். எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியை, எல்லாம் பெரிய எழுத்தில், அமைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அதை .பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். அந்த டெர்மினலில் ஓடும் எல்லா நிரல்களையும் அது பாதிக்கும். --எனேபிள்-ஷேர்டு உண்மையிலேயே தேவையா என்றும் ஒருமுறை யோசியுங்கள். அது இல்லாமல் பில்ட் செய்தால் இந்தத் தலைவலியே கிடையாது. சாதாரணப் பயன்பாட்டுக்குத் தேவைப்படாது.

"வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்பது இன்னொரு பிரபலமான செய்தி. புதிய லினக்ஸில் பில்ட் ஆன நிரலைப் பழைய லினக்ஸில் ஓட்டினால் வரும். உபுண்டு 20.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 22.04-இல் 2.35. இதற்கு ஜிலிப்சி-யை மட்டும் கையால் மாற்றப் பார்க்காதீர்கள். கணினியில் இருக்கும் அநேகமாக எல்லா நிரலும் அதை நம்பித்தான் ஓடுகிறது, தவறினால் எல்எஸ் கட்டளைகூட வேலை செய்யாது. அந்த நிரலைப் பழைய கணினியிலேயே பில்ட் செய்யுங்கள், அல்லது லினக்ஸைப் புதுப்பியுங்கள்.

வேறு வகை பில்ட்களில்

கிட் களஞ்சியத்திலிருந்து எடுத்த மூலநிரலில் கான்ஃபிகர் கோப்பே இல்லாமல் இருக்கலாம். அப்போது ஆட்டோஜென்.எஸ்எச் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் மூன்றையும் நிறுவி ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ ஓட்டுங்கள்.

"நோ பேக்கேஜ் ஜிடிகே+-3.0 ஃபவுண்ட்" போன்ற செய்தி பிகேஜி-கான்ஃபிக் சொல்வது. அது தேடுவது ஜிடிகே+-3.0.பிசி என்ற கோப்பை. பெயரோடு .பிசி சேர்த்து ஆப்ட்-ஃபைலிடம் கொடுத்தால் லிப்ஜிடிகே-3-டெவ் என்று விடை வரும்.

சில மென்பொருள்கள் கான்ஃபிகருக்குப் பதிலாகப் பயன்படுத்தும் சிமேக் "குட் நாட் ஃபைண்ட்" என்றால் அடைப்புக்குள் எது இல்லை என்றும் சொல்லும். இன்க்ளூட்_டிர் என்று இருந்தால் ஹெடர், லைப்ரரி என்று இருந்தால் .எஸ்ஓ. இரண்டுக்கும் மருந்து டெவ் பேக்கேஜ்தான். சிமேக் முன்பு கண்டுபிடித்த பாதைகளையும் கம்பைலரையும் சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி கோப்பில் நினைவு வைத்திருக்கும். கம்பைலரை மாற்றினாலோ லைப்ரரியை இடம் மாற்றினாலோ பில்ட் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிப் இன்ஸ்டால் நடுவில் பைதான்.எச் இல்லை என்றால் பைதான்3-டெவ், பிஜி_கான்ஃபிக் இல்லை என்றால் லிப்பிக்யூ-டெவ். கெர்னல் மாட்யூல் பில்ட் ஆகவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குரிய லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜ் வேண்டும். யூநேம் -ஆர் காட்டும் எண்ணும் அதன் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

"கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1பிளஸ்" என்று வந்தால் எதுவும் காணாமல் போகவில்லை. நினைவகம் தீர்ந்துபோய் கெர்னலே கம்பைலரை நிறுத்தியிருக்கிறது. 1 ஜிபி ரேம் உள்ள சிறிய சர்வர்களில் இது சகஜம். -ஜே எண்ணைக் குறையுங்கள், ரேம் போதாதபோது வட்டில் இடம் தரும் ஸ்வாப் கோப்பு ஒன்றைச் சேருங்கள்.

நிறுவும்போது

சுடோ-வை மேக்-குக்குப் போடாதீர்கள், நிறுவும் கடைசி வரிக்கு மட்டும் போதும். பைதானுக்கு அந்த வரி மேக் இன்ஸ்டால் அல்ல, மேக் ஆல்ட்இன்ஸ்டால். இன்ஸ்டால் என்றால் பைதான்3 என்ற பெயரிலேயே புதியது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் உட்கார்ந்து, நீங்கள் பைதான்3 என்று தட்டும்போது பழையதை மறைத்துவிடும். ஆல்ட்இன்ஸ்டால் பைதான்3.13 என்ற பெயரில் மட்டும் நிறுவும். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் கணினியின் பைதானை நம்பி எழுதப்பட்டவை, அதை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது. நிர்வாகி அனுமதி இல்லாதவர்கள் கான்ஃபிகருக்கு --ப்ரீஃபிக்ஸ்= என்று போட்டு வீட்டுக் கோப்புறைக்குள் ஒரு பாதையைக் கொடுத்தால் சுடோ-வே தேவைப்படாது.

பிறகு ஒரே வரியில் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம்:

பைதான்3.13 -சி "இம்போர்ட் எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3, சிடைப்ஸ், இசட்லிப், பிஇசட்2, எல்இசட்எம்ஏ, ரீட்லைன், கர்ஸஸ்"

எதுவும் அச்சாகாமல் அடுத்த வரிக்கு வந்தால் எல்லாம் இருக்கிறது. "மாட்யூல்நாட்ஃபவுண்ட்எர்ரர்" வந்தால் அந்தப் பெயரை மேலே உள்ள பட்டியலில் பார்த்து, பேக்கேஜை நிறுவி, டிஸ்ட்க்ளீனிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கினால் தயங்காமல் யாரிடமாவது கேளுங்கள். கேட்கும்போது நான்கு விவரங்களைச் சேர்த்துக் கொடுங்கள்: /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் உள்ள லினக்ஸ் பதிப்பு, நீங்கள் தட்டிய கட்டளை முழுதாக, பில்ட்.லாக்-இல் முதல் பிழையும் அதற்கு முந்தைய இருபது வரிகளும், கான்ஃபிகர் தோற்றிருந்தால் கான்ஃபிக்.லாக்-இல் "ஃபெயில்டு ப்ரோக்ராம்" வரியைச் சுற்றிய பகுதி. ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாக நகலெடுத்து ஒட்டுங்கள். படத்தில் உள்ள கோப்புப் பெயரை யாராலும் தேடுபொறியில் நகலெடுத்துப் போட முடியாது.